கணக்கப்பிள்ளைகள் கட்டிய பங்குகள்

முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற தூத்துக்குடிக் கடற்கரையின் கிறிஸ்தவ வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குருக்களின் பெயர்களைக் கொண்டே எழுதி முடித்துவிடுகிறார்கள். சவேரியார் வந்தார், கிரிமினாலி வேதாளையில் உயிர்விட்டார், ஹென்றிக்கஸ் அடிகளார் நூல்களை அச்சேற்றினார் என்று அந்த வரிசை போகும். அந்தப் பெரியவர்களின் புகழில் குன்றிமணி அளவும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் தொடக்க ஆண்டுகளில் இந்தக் கரையிலிருந்த குருக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிறிஸ்தவ ஊர்களோ மன்னார் வளைகுடாவை ஒட்டி நெடுகச் சிதறிக் கிடந்தன. ஒரு குருவானவர் ஓர் ஊரை விட்டுப் புறப்பட்டால் அங்கே மறுபடி கால்வைக்கப் பல மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தது யார், சாகக் கிடந்தவன் அருகே அமர்ந்தது யார், ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூட்டியது யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், பங்கு என்ற அமைப்பை இங்கே கட்டி நிறுத்தியவர்கள் ஊருக்குள்ளேயே இருந்த பொதுநிலையினர் என்பது தெரியவரும். மறைக்கல்வியும் ஊர் ஒற்றுமையும் அவர்கள் கையில் ஒரே வேலையாக இருந்தன. அந்தக் கரை நிலைத்ததற்கு அதுவே காரணம்.

1535 முதல் 1537 வரை, முத்துக் குளித்தும் மீன் பிடித்தும் இந்தக் கரையில் வாழ்ந்த பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். சுமார் 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஞானஸ்நானம் கிடைத்ததே தவிர, அதன் பொருளைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. 1542இல் சவேரியார் வந்தபோது கண்ட நிலை இதுதான். அவருக்குத் தமிழ் தெரியாது. கோவாவிலிருந்து உடன்வந்த தமிழறிந்த மாணவர்களையும் உள்ளூரில் இரு மொழியும் தெரிந்தவர்களையும் உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருவில் இறங்கிப் பிள்ளைகளைக் கூட்டினார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் ரோமுக்கு எழுதிய கடிதம் இந்த முறையை விவரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊரார் எல்லாரும் கூடுவார்கள். விசுவாசப் பிரமாணத்தை ஒவ்வொரு பிரிவாக அவர் சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்லும். ஒவ்வொரு பிரிவு முடிந்ததும் இதை விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். மார்பின் மேல் கைகளைச் சிலுவைபோல் மடித்து, விசுவசிக்கிறோம் என்று எல்லாரும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள்.

அதே கடிதத்தில் இன்னொரு செய்தியும் உண்டு, நம் விவாதத்துக்கு அதுவே முக்கியம். பள்ளியில் கற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய்க்கும் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோயாளிகள் அழைத்தபோது தாம் போக முடியாத வீடுகளுக்கு அவர் சிலுவையைக் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பினார். பிள்ளைகள் போய் வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிச் செபித்தார்கள். மறைக்கல்வி என்றால் பெரியவர் சொல்லச் சிறுவர் கேட்பது என்றுதான் இன்று நாம் நினைக்கிறோம். இங்கே பாடம் சிறுவரிடமிருந்து பெரியவருக்குப் போயிருக்கிறது, பள்ளியிலிருந்து படுக்கையறைக்குப் போயிருக்கிறது. கற்றவன் உடனே கற்பிப்பவனானான். நோயாளி வீட்டுக்கு அண்டை அயலாரை வரவைத்ததும் அந்தப் பாடமே.

சவேரியார் ஓர் ஊரை விட்டுக் கிளம்பும்போது செபங்களின் ஏட்டை அங்கே விட்டுச்செல்வார். எழுதத் தெரிந்தவர்கள் படியெடுத்துக்கொள்வார்கள். தினமும் அதைச் சொல்லவைக்கவும், ஞாயிறும் திருநாளும் ஊரைக் கூட்டவும், சாகும் தறுவாயிலிருக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமிப்பார். எழுத்தறிவும் ஊரார் மதிப்பும் உள்ள உள்ளூர் ஆள் அவர். பிற்காலத்தில் உபதேசியார் என்றும் கோயில்பிள்ளை என்றும் அழைக்கப்பட்டவர்களின் முன்னோடி. அவரிடம் கூலி இல்லாமல் வேலை வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போர்த்துகல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 பொற்பணத்தைச் சவேரியார் இந்த ஆசிரியர்களுக்காகக் கேட்டு வாங்கினார். மறைக்கல்விக்கு நிலையான வருமானம் வேண்டும், கற்பிப்பவன் வயிறு காயக்கூடாது என்ற தெளிவு அவருக்கு இருந்தது. பிற்காலப் பங்குகள் பலவற்றில் அந்தத் தெளிவைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

1547இல் கரைக்கு வந்து 1600இல் புன்னைக்காயலில் இறக்கும் வரை இந்த மக்களோடு வாழ்ந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் அடுத்த படியைக் கட்டினார். அவர் தமிழை முறையாகக் கற்று இலக்கணமே எழுதியவர். 1554இல் லிஸ்பனில் வெளியான செபநூலில் தமிழ், ரோமன் எழுத்தில்தான் இருந்தது. கரையில் இருந்தவன் படிக்க அது உதவாது. 1578இல் கொல்லத்தில் 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே அச்சானது. 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது, 1586இல் அடியார்களின் வரலாறுகளைச் சொல்லும் ‘புளோஸ் சாங்க்தோரும்’ வந்தது. இந்திய மொழி எழுத்தில் முதலில் அச்சான புத்தகம் என்று தம்பிரான் வணக்கத்தைக் கொண்டாடுகிறோம். அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்களில் பரதவர்கள் இருந்தார்கள் என்பதை அதே மூச்சில் சொல்வதில்லை. முத்துக் குளித்தும் மீன் பிடித்தும் சேர்த்த காசில் ஒரு சமூகம் தன் பாடநூலைத் தானே அச்சடித்துக்கொண்டது. கிரீசித்தியானி வணக்கம் குரு கேட்கச் சீடன் பதில் சொல்லும் நடையில் அமைந்தது. தனியாக மூலையில் உட்கார்ந்து வாசிக்கும் நூலன்று, கேட்க ஒருவரும் சொல்ல ஒருவரும் வேண்டும். புன்னைக்காயலில் நோயாளிகளுக்கான மருத்துவமனையும் ஏழைகளுக்கு உதவும் பொதுநிலையினரின் சபையும் இதே ஹென்றிக்கஸ் காலத்து ஏற்பாடுகள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், படிப்பும் பராமரிப்பும் அங்கே பிரிந்திருக்கவில்லை என்பது விளங்கும்.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் உண்டு. இரண்டுமே கனமானவை. முதலாவது, இதெல்லாம் கிளிப்பிள்ளைப் பாடம், பொருள் தெரியாத மனப்பாடம் என்பது. சவேரியாரின் முதல் மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன, ஹென்றிக்கஸ் அவற்றைத் திருத்த வேண்டியிருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் மனப்பாடத்தை இகழ்வது தமிழ்நாட்டின் கல்வி மரபையே இகழ்வதாகும். திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடி முதலில் வாயில் ஏறும், பொருள் பிறகு வரும். ஓதுவார் தேவாரத்தைக் கற்றதும் அப்படித்தான். ஏடு வாங்க வசதியில்லாத ஊரில், எல்லார் நாவிலும் ஒரே வாசகம் இருப்பதுதான் ஊருக்குச் சொந்தமான நூலகம். அந்த மனப்பாடத்தின் மேல் கேள்வி-பதிலையும், பாவசங்கீர்த்தன நூலையும், அடியார் கதைகளையும் ஹென்றிக்கஸ் அடுக்கினார் என்பதால், அது வெறும் ஒப்புவித்தலில் நின்றுவிடவில்லை.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. பரதவர்கள் மதம் மாறியது முத்துக்குளிப்பில் தங்கள் உரிமையைக் காக்கப் போர்த்துகீசியரின் துணை தேவைப்பட்டதால்தான், அவர்களை ஒன்றாக வைத்தது சாதிக் கட்டு, அதன் உச்சியில் சாதித் தலைவர் இருந்தார், கோயில் அந்தக் கட்டுக்கு ஒரு புது முகம் மட்டுமே என்பது. தொடக்கத்துக்கு இது பொருந்தும், மறுக்க வழியில்லை. தொடர்ச்சியை இது விளக்கவில்லை. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். முத்துச் சலாபம் அவர்கள் கைக்குப் போயிற்று. லாபமே நோக்கமாக இருந்தால் புதிய எசமானரின் சீர்திருத்தச் சபைக்கு மாறுவதுதான் புத்திசாலித்தனம். பால்தேயுஸ் போன்ற டச்சுப் போதகர்கள் அழைத்தும் பார்த்தார்கள். மக்கள் அசையவில்லை. சாதிக் கட்டு மட்டும் போதுமென்றால் ஒட்டுமொத்தச் சாதியும் சேர்ந்தே மாறியிருக்கலாம், முன்பு அப்படித்தானே மாறினார்கள்? இடையே நடந்த நூறாண்டுக் கல்விதான் இந்த முறை வேறுபாட்டை உண்டாக்கியது. கோயிலைப் பறிக்கலாம், நாவில் ஏறிய செபத்தைப் பறிக்க முடியாது.

கடலுக்கு அப்பாலும் இதற்குச் சான்று இருக்கிறது. டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருக்களை இலங்கையின் கரையோரத்தில் அண்டவிடாமல் வைத்திருந்த காலத்தில், 1687இல் கோவாவின் யோசேப் வாஸ் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் கப்பலேறி யாழ்ப்பாணம் சேர்ந்தார். பல ஆண்டுகளாகக் குருவின் முகம் காணாத குடும்பங்கள் அங்கே விசுவாசத்தைக் காத்து வைத்திருந்தன. அவர் செய்த நிர்வாக ஏற்பாடும் பழைய கணக்கப்பிள்ளை முறையின் தம்பிதான்: ஊருக்கு ஒரு மூப்பர், செபம் சொல்லிக்கொடுக்க ஓர் அண்ணாவியார்.

ஆனால் இந்த ஒற்றுமைக்கு ஓர் எல்லை இருந்தது, அது வெட்கப்படத்தக்க எல்லை. ஒரே சாதி வாழ்ந்த ஊரில் ஒன்றாகச் செபித்தவர்கள், பல சாதி சேர்ந்த பங்கில் பிரிந்து உட்கார்ந்தார்கள். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. மந்திரம் ஒன்று, கோயில் ஒன்று, நடுவே சுவர். தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்றதும் இதே வடக்கன்குளத்தில்தான். சாதி பாராமல் பழகிய அந்தப் பொதுநிலையினரை 2022இல் திருச்சபை புனிதராக அறிவித்தது. அவர் வாழ்ந்து காட்டியதைப் பங்கு கற்றுக்கொள்ள அத்தனை காலம் பிடித்தது. பொதுநிலையினர் கற்பித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. எதைக் கற்பிக்கிறார்கள் என்பதும் பக்கத்தில் யாரை உட்காரவைக்கிறார்கள் என்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

இன்று தமிழகப் பங்குகளில் தெருவாரியாகக் குடும்பங்கள் கூடும் அன்பியங்கள் இருக்கின்றன. இவை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் தென் அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. வடிவத்துக்கான தூண்டுதல் வெளியிலிருந்து வந்திருக்கலாம். வீட்டில் கூடுவது, சேர்ந்து கற்பது, நோயாளியைத் தேடிப் போவது ஆகிய மூன்றும் இந்தக் கரையில் நானூற்று எண்பது ஆண்டுப் பழக்கம். குறை வேறிடத்தில் இருக்கிறது. மறைக்கல்வியை ஞாயிறு பூசைக்குப் பிந்திய சிறுவர் வகுப்பாகச் சுருக்கிவிட்டோம், உறுதிபூசுதலோடு அதுவும் முடிந்துவிடுகிறது. அன்பியம் செபமாலை சொல்லித் தேநீர் குடித்துக் கலைகிறது. கேள்வி கேட்கிறவரும் இல்லை, பதில் தேடுகிறவரும் இல்லை. திருவிழாவின் சப்பரத்துக்கும் விளக்குக்கும் ஊர் வாரிக் கொடுக்கிறது, பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் கைக்காசு போட்டுச் சுண்ணக்கட்டி வாங்குகிறார். பங்குப் பேரவையில் இருக்கும் பெரியவர்களே, இந்த ஆண்டு வரவு செலவை வாசிக்கும்போது மறைக்கல்விக்கு ஒதுக்கிய தொகையை முதல் வரியாக வாசியுங்கள். அந்த வரி காலியாக இருந்தால், மற்ற வரிகளுக்குப் போகும் முன் அதை நிரப்புங்கள்.