வேட்டைக் காட்டிலிருந்து கடைத்தெருவுக்கு: கைபொத்தின் பறவை ஓவியம்

வரலாறு என்றதும் மாணவர் மனத்தில் எழுவன போர்களும் உடன்படிக்கைகளும் அரசர் பட்டியல்களுமே. ஆயின் ஒரு காலத்து மக்கள் எதனை உண்டனர், அதனை எங்கிருந்து பெற்றனர், பெறுதற்கு எவருக்கு உரிமை இருந்தது என்னும் வினாக்களும் வரலாற்றின்பாற்பட்டனவே. அவற்றுக்குச் சாசனங்களில் மட்டுமன்றி ஓவியங்களிலும் விடை காணலாம். அத்தகைய ஓவியமொன்றை ஈண்டு ஆராய்வாம்.

குஸ்தாவ் கைபொத் (1848–1894) பிரான்சிய மனப்பதிவுவாத ஓவியருள் ஒருவர். ஏறத்தாழ 1882ஆம் ஆண்டில் அவர் வரைந்த ஓவியமொன்று, கடையில் விற்பனைக்கு வைக்கப்பட்ட கோழிகளையும் வேட்டைப் பறவைகளையும் காட்டுகின்றது. இறகு பறித்த கோழிகளும் இறகோடு கூடிய காட்டுப் பறவைகளும் அங்கே ஒழுங்காக அமைந்துள்ளன. வேடன் இல்லை, நாய் இல்லை, துப்பாக்கி இல்லை. வாங்குவோர் கண்ணைக் கவருமாறு கடைக்காரன் அமைக்கும் ஒழுங்கே ஓவியத்தின் ஒழுங்காகவும் நிற்கின்றது.

இதன் புதுமையை உணர்தற்கு முன்னைய காலத்தை நோக்குதல் வேண்டும். இறந்த பறவைகளை வரைதல் ஐரோப்பாவில் பழைய வழக்கமே. ஆனால் அப்பறவைகள் உயர்குடியினரின் வேட்டைப் பொருள்கள். பதினான்காம் லூயி மன்னனின் வேட்டை நாய்களை வரைந்த பிரான்சுவா டெப்போர்ட் (1661–1743), அந்நாய்களின் பெயர்களையும் ஓவியங்களிற் பொறித்தார். பதினைந்தாம் லூயியின் வேட்டைகளை ஊட்றி (1686–1755) வரைந்தார். நாய்க்குப் பெயருண்டு; அப்பறவைகள் மேய்ந்த வயலை உழுதவனுக்கு அவ்வோவியங்களில் இடமில்லை.

அன்றைய பிரான்சில் வேட்டையாடுதல் பிரபுக்களின் தனியுரிமை. பிரபுவின் புறாக்கள் குடியானவனின் விதைகளைத் தின்றாலும் அவற்றை அவன் கொல்லலாகாது. அரசனுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களிற் கட்டுப்பாடு மேலும் கடியது. ஆகவே, 1789இல் நாடெங்குமிருந்து திரட்டப்பட்ட முறையீட்டு ஏடுகளில் வேட்டைச் சட்டங்களுக்கெதிரான குரல் பலவிடத்தும் ஒலித்ததில் வியப்பில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் 4ஆம் நாள் இரவு தேசிய சபை தொடக்கிவைத்த தீர்மானங்கள், புறாக்கூட்டு உரிமையையும் வேட்டைத் தனியுரிமையையும் ஒருங்கே ஒழித்தன. வேட்டைக் குற்றத்துக்காக மட்டுமே கப்பல்களிற் துடுப்பு வலிக்க அனுப்பப்பட்டோரையும் நாடுகடத்தப்பட்டோரையும் திருப்பியழைக்கும்படி அரசனை வேண்டவும் சபை முடிவு செய்தது. ஒரு பறவையின் பொருட்டு மனிதர் தம் வாழ்வை இழந்த காலம் அது.

எனினும், தனியுரிமை ஒழிந்தமையால் அனைவரும் சமமாயினர் எனக் கொள்ளலாகாது. புதிய உரிமை நிலவுடைமையாளனுக்கே உரியதாயிற்று. 1844ஆம் ஆண்டு மே 3ஆம் நாட் சட்டம் வேட்டையாடுவோர் 25 பிராங்கு செலுத்தி அனுமதிச்சீட்டுப் பெறவேண்டுமென விதித்தது. வேட்டை மூடப்பட்ட பருவத்தில் வேட்டைப் பறவைகளை விற்பதையும் தடுத்தது. முன்னர்ப் பிறப்பு இட்ட வேலியை இப்பொழுது பணம் இட்டது.

இதே காலத்திற் பாரிசு நகரமும் மாறிற்று. 1850களில் பல்ற்றாட் என்னும் சிற்பி இரும்பாலும் கண்ணாடியாலும் பெரிய மத்திய சந்தை மண்டபங்களை எழுப்பத் தொடங்கினார். புகையிரதங்கள் தொலைநாட்டு உணவுப் பொருள்களை நகருக்குள் கொணர்ந்தன. அம்மண்டபங்கள் 1970களில் இடிக்கப்பட்டன. முட்டையும் கோழியும் விற்கப்பட்ட மண்டபமொன்று மாத்திரம் நொஜான் என்னும் ஊருக்குப் பெயர்க்கப்பட்டு இன்றும் நிற்கின்றது. கைபொத்தின் பறவைகள் இப்புதிய நகரத்துக்குரியவை. காட்டுப் பறவையும் பண்ணைக் கோழியும் ஒரே கடையில் ஒரே வாங்குவோனுக்குக் காத்திருக்கின்றன. எவன் கொன்றான் என்ற வினா அங்கே எழுவதில்லை. என்ன விலை என்ற வினாவே எழுகின்றது.

ஓவியரின் நிலையும் ஈண்டுக் கருதற்பாலது. அவருடைய நண்பர் மொனே 1879இற் பெசன்ற் என்னும் நீண்டவாற் பறவைகளை வரைந்தார். அவை வெண்துணி மீது கிடத்தப்பட்டவை. வறுமையுற்ற அக்காலத்தில் அத்தகைய ஓவியங்கள் அவருக்கு எளிதில் விலைபோயின. கைபொத்தோ, படைக்குப் படுக்கைத் துணி விற்றுச் செல்வரான வணிகரின் மைந்தர். விற்றுண்ணும் தேவை அவருக்கில்லை. ஆதலாற் சாப்பாட்டறையில் மாட்டுவதற்கு எவரும் தயங்கத்தக்க கன்றின் தலையையும் மாட்டின் நாக்கையுங்கூட அவர் துணிந்து வரைந்தார். நண்பர்களின் ஓவியங்களை விலைகொடுத்து வாங்கி, அவற்றை நாட்டுக்கு எழுதிவைத்தார்; அதிற் தம் ஓவியங்களைச் சேர்க்கவில்லை. அதனால் நெடுங்காலம் புரவலராகவே நினைக்கப்பட்டார்.

கைபொத் நிறத்தையும் ஒளியையும் கருதினாரேயன்றிச் சட்ட வரலாற்றைக் கருதினாரல்லர் எனச் சிலர் கூறலாம். அஃது உண்மையே. ஆயினும், சான்று கூறும் எண்ணமின்றி விடப்பட்ட சான்று, வரலாற்றாசிரியனுக்குப் பெரிதும் நம்பத்தக்கது. புகழ்பாட எழுந்த கல்வெட்டிலும், நாளாந்தக் கணக்கேடு சிலவேளை உண்மைக்கு அணித்தாகும்.

பிரபுவின் கையிலிருந்து பறவை விடுபட்டது. கடைக்காரனின் கொக்கியில் வந்து தொங்கிற்று. இவ்விரண்டுக்குமிடையே ஒரு புரட்சியும் ஒரு நூற்றாண்டும் உள்ளன. குடியானவன் சிறைக்கு அஞ்சாது அப்பறவையை நோக்கலாம் என்பது பெற்ற பேறு; அதனை வாங்குதற்குக் கையிற் பணம் வேண்டும் என்பது எஞ்சிய குறை. இப்பேற்றையும் குறையையும் ஒருங்கே நம் கண்முன் நிறுத்துவதால், அவ்வெளிய கடைக்காட்சி வரலாற்று மாணவர் ஆழ்ந்து நோக்கத்தக்கதாகின்றது.