கண்ணாடிப் பெட்டிக்குப் பிறகு

ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை பிழைக்காது என்பது நம் ஊர்களில் வழங்கும் பழைய நம்பிக்கை. பண்டைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே எண்ணம் பதிவாகியிருக்கிறது. பிள்ளை பிழைக்குமா என்பது மட்டுமே அன்றைய கேள்வி. பிழைத்த பிள்ளை பின்னர் எப்படி வளர்ந்தது என்ற கேள்வி மருத்துவத்துக்கு மிகத் தாமதமாகவே எழுந்தது.

1880இல் பாரிஸில் தார்னியே என்ற மகப்பேறு மருத்துவர், கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைப் பார்த்துக் குறைமாதக் குழந்தைகளுக்கான வெப்பப் பெட்டியைச் செய்வித்தார். அவர் வழிவந்த பியேர் புதான், தம் மருத்துவமனையில் பிறந்து வீடு திரும்பிய குழந்தைகளைத் தாய்மார் மீண்டும் கொண்டுவந்து எடை பார்த்துச் செல்லும் ஏற்பாட்டை 1892இல் தொடங்கினார். தொடர்கண்காணிப்பு என்று இன்று நாம் சொல்வதன் எளிய வித்து அது.

அதன் அருமை அரை நூற்றாண்டு கழித்து ஒரு பேரிழப்பின் வழியாக உணரப்பட்டது. குறைமாதத்தில் பிறந்து பிழைத்த குழந்தைகளிடம் ஒரு புதுவகைப் பார்வையிழப்பைப் பாஸ்டனில் டெர்ரி 1942இல் விவரித்தார். மருத்துவமனையில் புலப்படாத அந்தக் குறை, மாதங்கள் கழித்து வீட்டில்தான் தெரியவந்தது. பெட்டிக்குள் தாராளமாகச் செலுத்தப்பட்ட ஆக்ஸிஜனே காரணமாகலாம் என்று மெல்போர்னில் கேட் காம்ப்பெல் 1951இல் சுட்டினார். அமெரிக்காவின் 18 மருத்துவமனைகளில் 1953–54இல் நடந்த ஆய்வு அதை உறுதிசெய்தது. உடனே ஆக்ஸிஜனைக் கடுமையாகக் குறைத்தார்கள். அதனால் ஒரு குழந்தையின் பார்வையைக் காக்க ஏறத்தாழ 16 உயிர்கள் பலியாயின என்று 1973இல் கிராஸ் கணக்கிட்டார். உயிருக்கும் பார்வைக்கும் நடுவிலுள்ள அளவு எது என்பது, பிழைத்தவர்களைப் பின்தொடர்ந்தாலன்றித் தெரியாது.

இந்தியாவில் இவ்வழியில் குறிப்பிடத்தக்க முயற்சி புனேயில் நடந்தது. கே.இ.எம். மருத்துவமனையில் 1987–89இல் சிகிச்சை பெற்றுத் திரும்பிய, இரண்டு கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்த குழந்தைகளைச் சுதா சௌதரியும் குழுவினரும் இளமைப் பருவம்வரை பின்தொடர்ந்தனர். பன்னிரண்டு வயதில் அவர்களின் சராசரி நுண்ணறிவு இயல்பான எல்லைக்குள்தான் இருந்தது. ஆயினும் ஒப்பிடப்பட்ட மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவு. குறைமாதத்தில் பிறந்ததோடு, அம்மாதத்துக்குரிய எடையும் இல்லாதவர்களே மிகவும் பின்தங்கினர். வாசிப்பிலும் கணக்கிலும் இடர்ப்பாடு தெரிந்தது. ஆசிரியர் 'மந்தம்' என்று ஒதுக்கிவிடும் பிள்ளைக்குப் பின்னால் இப்படியொரு பிறப்பு வரலாறு இருக்கக்கூடும்.

இனி நம் பக்கம் வருவோம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, நெடுஞ்சாலையோரம் முண்டியம்பாக்கத்தில் 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் தொடக்கத்திலேயே கண்டறிய மாவட்டந்தோறும் மையம் அமைக்கும் தேசியத் திட்டம் 2013இல் தொடங்கியது. இரண்டு கிலோவுக்குக் குறைந்தோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தையின் விழித்திரையை முப்பது நாளுக்குள் பரிசோதித்துவிட வேண்டும் என்பது மருத்துவ விதி. மிகச் சிறிய குழந்தைகளுக்கு அதற்கும் முன்னரே. காலத்தில் கண்டால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். தவறினால் அது திரும்புவதில்லை.

ஆனால் பச்சைப் பிள்ளையை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதும் அதே முப்பது நாளில்தான். மரக்காணம் உப்பளத்தில் கூலிக்குச் செல்பவருக்கும், கரும்பு வெட்ட வெளியூர் போகும் குடும்பத்துக்கும் மறுபரிசோதனை என்பது ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் சேர்ந்த இழப்பு. பிள்ளை நன்றாகத்தானே பால் குடிக்கிறது என்று தோன்றுவதும் இயல்பே.

புதானின் தராசும் புனேயின் பதிவேடும் தாய்மார் திரும்பி வந்ததால்தான் பொருள் பெற்றன. கண்ணாடிப் பெட்டியிலிருந்து பிள்ளையைக் கையில் வாங்கும் நாளில், அடுத்து எந்தத் தேதியில், எதற்காக வரவேண்டும் என்பதை அந்தத் தாய்க்கும் உடன் வந்த மாமியாருக்கும் புரியும்படி ஒருவர் உட்கார்ந்து சொல்லவேண்டும். நூற்று முப்பது ஆண்டு வரலாறு நம் மாவட்டத்தில் நிற்பதும் முறிவதும் அந்தச் சில நிமிடங்களில்தான்.