பாடசாலைக்காகச் சட்டமன்றம் சென்றவர்

பாராளுமன்றப் பத்திரிகையாளர் கலரியிலிருந்து எத்தனையோ உரைகளைக் கேட்டிருக்கிறேன். எனினும் என் மனத்தில் நிற்பவர், நான் காணாத ஓர் உறுப்பினர்: அலெக்சாண்டர் ட்வைலைட்.

1795இல் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே அயலவர் பண்ணையில் வேலைக்கு அமர்த்தப்பட்டார். உழைத்தவாறே பயின்று, 1823இல் மிடில்பெரி கல்லூரியில் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கல்லூரியொன்றில் இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவராக அறியப்படுபவர் இவரே.

1829இல் பிரவுனிங்டன் பாடசாலையின் அதிபரானார். மாணவர் தங்குவதற்கு நான்கு மாடிக் கருங்கல் விடுதி எழுப்பினார். மாவட்டக் கல்விப் பணத்தைப் புதிய பாடசாலையொன்றுடன் பங்கிடும் முயற்சியை எதிர்க்கவே, 1836இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தெரிவானார். அமெரிக்க மாநிலச் சட்டமன்றமொன்றில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவராகவும் அறியப்படுகிறார். வாதிட்டார், தோற்றார். பணம் பிரிந்தது.

1857இல் அவர் மறைந்தார். விடுதியோ இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. பதவிக்காகப் பாடசாலைகளைப் பேசியோர் பலரை நான் அறிவேன். பாடசாலைக்காகப் பதவியை நாடியவர் இவர்.