கோடைக்கானலில் சூரிய ஆய்வு: அரசு உத்தியோகத்திலிருந்து ஆய்வு வாழ்க்கைக்கு

தாது வருஷப் பஞ்சத்துக்குப் (1876–78) பின், மழை பொய்ப்பதற்கும் சூரியக் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி ஆட்சியாளர்களை விடாமல் துரத்தியது. 1891இல் சென்னையின் அரசு வானியலாளர் போக்சன் மறைந்ததும், சென்னைக் கிறித்தவக் கல்லூரி இயற்பியல் பேராசிரியர் மிக்கி ஸ்மித் அப்பதவிக்கு வந்தார். சூரிய ஆய்வகம் அமைக்க, நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கோடைக்கானலைத் தேர்ந்தவர் அவரே. 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1901இல் முறையான சூரிய நோக்கல் தொடங்கியது. ஆய்வகம் வானிலைத் துறையின் கீழ் வந்தது. இங்கு பணியாற்றியோரின் வாழ்க்கையை 1971 வரை வடிவமைத்தது இந்த நிர்வாக ஏற்பாடுதான் என்பது என் கருத்து.

1907இல் வந்த ஜான் எவர்ஷெட் பல்கலைக்கழக வானியலாளர் அல்லர். இலண்டனில் வேதியியலாளராக வேலை பார்த்துக்கொண்டே, சொந்த ஆர்வத்தில் சூரியனை ஆராய்ந்தவர். கரும்புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதை 1908இல் அமெரிக்காவில் ஹேல் கண்டறிந்திருந்தார். அவை சுழல்கள் என்ற எண்ணமும் வலுத்திருந்தது. 1909 ஜனவரியில் எவர்ஷெட் எடுத்த நிறமாலைகள் வேறொன்றைச் சொல்லின. சூரியத் தட்டின் நடுவில் உள்ள புள்ளியில் நிறமாலைக் கோடுகள் நகரவில்லை. விளிம்பை நெருங்கிய புள்ளியிலோ, புறநிழலின் (கரும்மையத்தைச் சூழ்ந்த மங்கலான பகுதியின்) விளிம்புப் பக்கத்தில் அவை சிவப்பை நோக்கியும் மறுபக்கத்தில் நீலத்தை நோக்கியும் விலகின. சிவப்பு விலகல் நம்மைவிட்டு அகலும் வாயுவையும் நீல விலகல் நெருங்கும் வாயுவையும் காட்டுவதால், இதன் பொருள்: வாயு சுழலவில்லை, புள்ளியின் மையத்திலிருந்து மேற்பரப்பை ஒட்டி வெளிநோக்கிப் பாய்கிறது. எவர்ஷெட் விளைவு என்று உலகம் அறிந்த இதற்கு, சாய்ந்த காந்தப்புலத்தில் பிளாஸ்மா எப்படி வெப்பத்தைச் சுமந்து செல்கிறது என்ற கோணத்தில் இன்றைய கோட்பாட்டாளர்கள் விளக்கம் தருகிறார்கள். அவருடைய மனைவி மேரி சூரியத் தழல்களைப் பற்றி அவருடன் இணைந்து விரிவாக எழுதினார்; ஆயினும் மேரிக்கென்று ஒரு பதவி இருக்கவில்லை.

சீதாராம அய்யர், நாகராஜ அய்யர் போன்ற இந்திய உதவியாளர்களுக்கு எவர்ஷெட்டின் புகழில் பங்கு கிடைக்கவில்லை. மலையில் மேகம் ஏறுமுன் காலையிலேயே படமெடுப்பதும், ஒளிப்படத் தகடுகளைக் கழுவி அளப்பதும் உதவியாளர் வேலை. 1904 முதல் எடுக்கப்பட்ட கால்சியம் ஒளிப்படங்களும் 1912 முதல் எடுக்கப்பட்ட ஹைட்ரஜன் ஒளிப்படங்களும் அத்தகைய கைகளால் சேர்ந்தவை. கோட்பாடுகள் மாறின, இந்தத் தொகுப்பின் மதிப்பு குறையவில்லை.

1937இல் ஏ. எல். நாராயண் முதல் இந்திய இயக்குநரானார். சூரிய வளிமண்டலத்தின் அயனியாக்கத்தை 1920இல் சமன்பாடாக்கிய மேகநாத சாஹா தலைமையிலான குழு, 1945இல் விரிவாக்கத் திட்டம் வகுத்தது. அடுத்த இயக்குநர் ஏ. கே. தாஸ் காலத்தில் சுரங்கத் தொலைநோக்கித் திட்டம் உருப்பெற்றது. 1960இல் பொறுப்பேற்ற வைணு பாப்பு, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் முயற்சியால் 1971இல் ஆய்வகம் வானிலைத் துறையிலிருந்து விடுபட்டு, தன்னாட்சி பெற்ற இந்திய வான் இயற்பியல் நிறுவனமானது. முனைவர் பட்டம், ஆய்வுப் பதவி, பன்னாட்டுக் கூட்டாய்வு என்ற பாதை அதன்பின் உறுதிப்பட்டது. கே. ஆர். சிவராமன் பழைய தகடுகளிலிருந்து கரும்புள்ளிக் கூட்டங்களின் சாய்வை அளந்தார். சிராஜ் ஹசன் காந்தப் பாய்வுக் குழாய்களின் கோட்பாட்டை வளர்த்தார். 2023 செப்டம்பர் 2இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் ஒளிவளைய நோக்கியை உருவாக்கியதும் இந்நிறுவனமே.

பழைய தகடுகள் இன்று எண்மமாக்கப்பட்டு, எவரும் பெறக்கூடிய நிலையில் உள்ளன. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகள் முதுகலை ஆய்வேடுகளுக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டும். அவற்றை எடுத்த உதவியாளர்களின் பெயர்களையும் பதிவேடுகளிலிருந்து திரட்டி அச்சிட வேண்டும்.