மதிலுக்கு வெளியே

ஐதராபாத்தில் குடியேறிய நம்மவர் விடுமுறை நாட்களில் கோல்கொண்டாக் கோட்டையைக் காணச் செல்வதுண்டு. நுழைவாயிலில் கை தட்டினால் உச்சியிலுள்ள பாலா ஹிஸாரில் ஒலி கேட்கும் விந்தையைச் சிறுவர் சோதித்துப் பார்ப்பர். அது காவலுக்கென அமைந்த ஏற்பாடு என்பர். சுமார் 10 கிலோமீட்டர் சுற்றுமதில், 87 கொத்தளங்கள், 8 வாயில்கள்: அரசு காவலுக்குச் செலவிட்ட பொருளில் பெரும்பகுதி இங்கே கல்லாய் நிற்கிறது.

மக்களிற் பெரும்பாலோர் வாழ்ந்ததோ வேறிடத்தில். கோட்டையில் நெருக்கம் மிகுந்தமையால் 1591இல் முகம்மது குலி குதுப் ஷா மூசி நதிக்குத் தெற்கே புதுநகர் கண்டார். சார்மினாரிலிருந்து நான்கு திசையிலும் பெருவீதிகள் சென்றன. மதில் மட்டும் இல்லை. ஆபத்து வந்தால் கோட்டைக்குள் புகலாம் என்று எண்ணினர் போலும். மன்னருக்கு அது எளிது, கடைவீதியார்க்கு எளிதன்று.

1685இல் ஔரங்கசீப்பின் மைந்தர் ஷா ஆலம் படையோடு வந்தார். கோல்கொண்டாத் தளபதி மீர் முகம்மது இப்ராகிம் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். சுல்தான் அபுல் ஹசன் இரவோடிரவாகக் கோட்டை புகுந்தார், நகரம் சூறையாடப்பட்டது. அக்கோட்டையோ 1687இல் எட்டுத் திங்கள் முற்றுகையைத் தாங்கிற்று. பீரங்கியும் சுரங்கவெடியும் பலிக்கவில்லை. செப்டம்பரில் ஓரிரவு, அப்துல்லா கான் பன்னி என்ற அதிகாரி வாயிலை உள்ளிருந்து திறந்துவிட்டார்.

நகருக்கு மதில் வந்தது அதன் பின்னரே. முகலாய ஆளுநர் முபாரிஸ் கான் தொடங்கியதை முதலாம் நிஜாம் முடித்தார். அதன் 13 வாயில்களில் தபீர்பூராவும் புரானாபூலும் இன்றும் உள.

சென்னையிலும் இதே வரிசைதான். முதலில் கோட்டை வலுப்பெற்றது. 1767இல் ஐதர் அலியின் குதிரைப்படை புறநகரைக் கொள்ளையிட்ட பிறகே கறுப்பர் நகரைச் சுற்றிப் பெருமதில் எழுந்தது. அச்செலவைக் குடிகளிடம் வரியாகப் பெறக் கும்பெனியார் எண்ணினர். வரி வசூலாகவில்லை, வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் நிலைத்தது!

2007 ஆகஸ்டில் லும்பினி பூங்காவிலும் கோட்டிக் கடைவீதியிலும், 2013 பிப்ரவரியில் தில்சுக்நகரிலும் குண்டு வைத்தோர் நாடியது பொக்கிஷத்தையன்று, மக்கள் கூட்டத்தையே. 2022இல் பஞ்சாரா ஹில்ஸில் காவல்துறையின் பெருங் கட்டுப்பாட்டு மையம் திறக்கப்பட்டது. நகரெங்குமுள்ள கேமராக்களின் காட்சிகள் அங்கே வந்து சேர்கின்றன. ஆயினும் காவலர் தொகைக்கு ஓர் எல்லை உண்டு. கோட்டைக்கு 8 வாயில்கள். எட்டிலும் ஆள் நிறுத்தலாம். மாலைநேரத் தில்சுக்நகருக்கு வாயில் எது?