எழுதுவது ஒன்று, அழைப்பது ஒன்று: ஜப்பானியர் நாமகரண வரலாறு

பெற்ற பிள்ளைக்கு ஊரில் வேறெவருக்கும் இல்லாத பெயரைச் சூட்டவேண்டும் என்னும் ஆசை எத்தேசத்துப் பெற்றோருக்கும் உண்டு. அப்படிச் சூட்டிய பெயரைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு விதமாகவும் ஆஸ்பத்திரிக் குமாஸ்தா வேறு விதமாகவும் வாசிக்க, அதைத் திருத்திக்கொண்டே அப்பிள்ளை ஆயுளைக் கழிக்க நேர்வதும் எங்கும் காணக்கூடியதே. இந்தச் சில்லறை அவஸ்தை ஓர் அரசாங்கத்தின் சட்டமன்றம் வரையில் சென்று, அதன் பொருட்டுச் சட்டமே திருத்தப்பட்ட விசித்திரத்தை ஜப்பானிய சரித்திரத்தில் காண்கிறோம். 2025-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் தேதி முதல் அந்நாட்டுக் குடும்பப் பதிவேட்டில் பெயரின் எழுத்தோடு அதன் ஓசையையும் பதிய வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. அதுவரையில் ஒரு பிரஜையின் பெயர் எவ்வாறு எழுதப்படும் என்பதை மட்டுமே பதிவேடு அறிந்திருந்தது. எவ்வாறு அழைக்கப்படும் என்பது அதன் கண்ணில் படாத சங்கதி. புதுமை மோகம் பிடித்த இக்காலத்துப் பெற்றோரே இதற்கெல்லாம் காரணம் என்று சொல்வது எளிது. பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தவர் அதை ஒப்பமாட்டார். பெற்றோரின் ஆசை மிகப் பழையது. அந்த ஆசை விளைத்த குழப்பத்தைச் சுமந்து நின்ற சுற்றத்தாரின் ஞாபகம்தான் பிற்காலத்தில் கரைந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஜப்பானியர் தங்கள் மொழிக்கு எழுத்தைக் கொரியா வழியாகச் சீனரிடமிருந்து பெற்றனர். சீன எழுத்து ஒலியை மட்டும் குறிப்பதன்று, பொருளையும் உடன் குறிப்பது. ஆகையால் ஓர் எழுத்தைக் கடன் வாங்கியபோது சீன ஒலியைத் தங்கள் நாவுக்கு ஏற்றபடி திரித்து ஒரு வாசிப்பையும், அதே பொருளுள்ள நாட்டுச் சொல்லைக் கொண்டு மற்றொரு வாசிப்பையும் அவர்கள் அதற்கு வழங்கினர். போதாக்குறைக்கு, மனிதர் பெயரில் வரும்போது மட்டும் வழங்கும் தனி வாசிப்புகளும் நாளடைவில் பெருகின. காலைப் பொழுதைக் குறிக்கும் எழுத்து தனித்து நின்றால் ‘அசா’, சீனத் தொடரில் ‘சோ’. 1192-இல் ஷோகுன் என்னும் படைத்தலைமைப் பட்டம் பெற்ற மினமோதோ யொரிதோமோவின் பெயரிலோ அதே எழுத்து ‘தோமோ’ என்று ஒலிக்கிறது. நம் தமிழிலும் ‘பாலன்’ என்று எழுதியதைக் கண்டு, முதலெழுத்தை வலித்துச் சொல்வதா மெலித்துச் சொல்வதா என்று அயலார் திகைப்பதுண்டு. ஆயினும் நமது ஐயம் ஓர் எழுத்தின் நுனியைப் பற்றியது; அவர்களுடையதோ பெயர் முழுவதையும் பற்றியது.

இத்தகைய குழப்பத்தை ஒரு சமுதாயம் நூற்றாண்டுக் கணக்கில் பொறுத்திருந்தது எவ்வாறு? பெரியோரின் மெய்ப்பெயரை வாயால் உச்சரிப்பது அபசாரம் என்ற சம்பிரதாயம் அங்கே வேரூன்றியிருந்ததே முக்கிய காரணம் என்று தோன்றுகிறது. கணவன் பெயரைச் சொல்லாத மனைவியரையும், மாமனார் பெயர் வைத்த பேரனை வேறு பெயரிட்டு அழைக்கும் மருமகள்களையும் கண்ட நமக்கு இது புதிதன்று. ஜப்பானியர் பதவியின் பெயராலும் வாசஸ்தலத்தின் பெயராலும் அழைத்தனர். மெய்ப்பெயரைச் சொல்லியே தீரவேண்டிய இடத்தில் நாட்டு வாசிப்பை விட்டுச் சீன வாசிப்பால் சொல்லி மரியாதை காட்டினர். 1241-இல் மறைந்த புஜிவாரா வம்சத்துக் கவிஞர் ‘சதாஇயே’ என்றும் ‘தெய்கா’ என்றும் இருவகையாக வழங்கப்படுவதும், கடைசி ஷோகுனாகிய தொகுகாவா யொஷினோபுவை மக்கள் ‘கெய்கி’ என்று அழைத்ததும் இவ்வழக்கத்தின் எச்சங்கள். இதனால் விளைந்த நஷ்டமும் உண்டு. முராசாகி ஷிகிபு என்னும் பெரும் நூலாசிரியை சேவித்த பட்டத்தரசியை இன்று ‘ஷோஷி’ என்கிறோம். அவ்வம்மையாரைப் பெற்ற தாய் என்ன சொல்லி அழைத்தாள் என்பது திட்டமாகத் தெரியாததால், ஆராய்ச்சியாளர் எழுத்தைப் பார்த்துச் சீன முறையில் வாசித்து வைத்த பெயர் அது. ‘அகிகோ’வாக இருக்கலாம் என்பது ஊகம். எழுத்து ஆயிரம் ஆண்டு கடந்து நிற்க, ஓசை அவளைச் சூழ்ந்திருந்த மனிதரோடு மறைந்துவிட்டது.

அபூர்வப் பெயர்களைக் குறித்த முறையீடும் அவ்வளவு பழையதே. 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கென்கோ என்னும் துறவி, முன்னோர் கோயிலுக்கும் பிறவற்றுக்கும் எளிதாகப் பெயரிட்டனர் என்றும், இக்காலத்தவர் தம் புலமையைக் காட்ட அரிதின் முயல்கின்றனர் என்றும், ஆட்பெயரில் பழக்கமில்லாத எழுத்துக்களைப் புகுத்துவது வீண் வேலை என்றும் சலித்துக்கொள்கிறார். நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, மொதோஓரி நொரினாகா என்னும் மகாபண்டிதரும் வாசிக்க முடியாத பெயர்கள் பெருகிவிட்டதாக அதே பல்லவியைப் பாடுகிறார். ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தில்தான் இது தொடங்கியது என்று நம்பியது போலும்.

ஷோகுன்களுக்குப் பின் ஆட்சிக்கு வந்த மெய்ஜி அரசாங்கம் 1872-இல் நாடெங்கும் குடும்பப் பதிவேட்டை ஏற்படுத்தியது; 1875-இல் சாமானியர் உட்பட யாவரும் குடும்பப் பெயர் கொள்ளவேண்டும் என்று கட்டளையிட்டது. இந்தப் பதிவேட்டில் எழுத்துக்கு இடம் இருந்தது, ஓசைக்கு இல்லை. பிற்கால வரலாறு முழுவதும் இந்த ஒரு விடுபாட்டினின்று கிளைத்ததென்றே கூறலாம்.

அக்காலத்து நாமகரணத்தில் துணிச்சல் மிக்கவர் மோரி ஓகாய். ராணுவ வைத்தியரும் பெரும் நாவலாசிரியருமாகிய இவர் 1884 முதல் 1888 வரை ஜெர்மனியில் கல்வி பயின்றவர். தம் மக்களுக்கு ஐரோப்பியர் நாவிலும் புரளக்கூடிய பெயர்களைச் சூட்ட விரும்பி ஓதோ, மாரி, ஃபுரிட்சு, அன்னு, ரூயி என்று வைத்தார். ஓட்டோ, மாரி, ஃபிரிட்ஸ், ஆன், லூயி ஆகிய ஐரோப்பியப் பெயர்களின் சாயல் இவற்றில் வெளிப்படை. ஆனால் அவர் எழுத்துக்களை எப்படிப் பொறுக்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். மூத்தவனுக்கு அமைத்த எழுத்துக்கள் பண்டைச் சீனத்துச் சூ நாட்டு வழக்கில் புலியைக் குறிப்பவை. பையன் பிறந்த 1890-ஆம் ஆண்டோ சீனப் பஞ்சாங்கப்படி புலி ஆண்டு. மாரியின் எழுத்துக்கள் மல்லிகைப் பூவைக் குறிப்பன. ஃபுரிட்சுவின் எழுத்துக்கள் புராதனச் சீன அகராதியில் தூரிகைக்குரிய பெயராக வருவன. அக்குழந்தை சிசுப் பருவத்திலேயே இறந்துபோயிற்று. அந்நிய ஓசையை நாடியவர் பழைய நூல்களில் ஊறித் திளைத்தவராக இருந்தமையால் ஓசையும் எழுத்தும் ஒன்றையொன்று உதைக்காமல் நின்றன. பின்வந்தவருக்கு ஆசை இருந்த அளவு படிப்பு இருந்ததாகச் சொல்ல இயலாது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. 1946-இல் பொது வழக்குக்கு 1850 சீன எழுத்துக்களே போதும் என்று வரையறுக்கப்பட, 1948-இல் அமலான பதிவுச் சட்டமும் குழந்தைப் பெயரை எளிய எழுத்துக்களாலேயே எழுதவேண்டும் என்று விதித்தது. பெயர்களில் பரம்பரையாக வழங்கிய ‘ஹிகோ’, ‘ஹிரோ’ முதலியவற்றுக்குரிய எழுத்துக்கள்கூட அப்பட்டியலில் இல்லாமற்போகவே, கூக்குரல் எழுந்து, 1951-இல் பெயருக்கென்று தனியே 92 எழுத்துக்கள் சேர்க்கப்பட்டன. எழுத்தின் வாயிலில் இத்தனை காவல் போட்ட அரசாங்கம் ஓசையின் வாயிலை அகலத் திறந்துவிட்டிருந்தது. அபூர்வ எழுத்தால் பிள்ளையைச் சிறப்பிக்க முடியாத பெற்றோர் அபூர்வ வாசிப்பால் சிறப்பிக்கத் தலைப்பட்டதில் வியப்பில்லை.

எழுத்துக் காவல் எவ்வளவு குருட்டுத்தனமானது என்பது 1993-இல் வெளியாயிற்று. தோக்கியோவைச் சார்ந்த அகிஷிமா நகரில் ஒரு தம்பதியர் தம் ஆண் குழந்தைக்குப் ‘பிசாசு’ என்று பொருள்படும் பெயரைப் பதிய மனுச் செய்தனர். இரண்டு எழுத்துக்களும் அனுமதிப் பட்டியலில் இருந்தமையால் முதலில் ஏற்ற நகராட்சி, பின்னர் மறுத்தது. விவகாரம் நியாயஸ்தலம் ஏறியது. பெயரிடும் உரிமையைத் துர்விநியோகம் செய்ததே என்று 1994-இல் நீதிமன்றம் கண்டபோதிலும், நகராட்சி கையாண்ட முறை பிழை என்ற வகையில் பெற்றோர் பக்கம் சாய்ந்தது. முடிவில் பெற்றோரே வேறு பெயருக்கு இணங்கினர். 2004-இல் பட்டியலை விரிக்க வந்த உத்தியோகஸ்தர் தயாரித்த முதல் வரைவிலோ மலம், பிணம், புற்றுநோய் ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துக்களும் இடம்பெற்றிருந்தன. ஜனங்கள் நகைத்தும் கண்டித்தும் எழுதிய பிறகே அவை நீக்கப்பட்டன.

1990-களுக்குப் பின் பெற்றோர் முதலில் காதுக்கினிய ஓசையைத் தேர்ந்து, பிறகு அதற்கு எழுத்துத் தேடும் முறை பரவியது. இப்படிச் சூட்டிய பெயர்களுக்குப் பளபளப்புப் பெயர்கள் என்று பொருள்படப் பரிகாசப் பெயரும் ஏற்பட்டது. ஒரே உதாரணம் போதும்: ‘பெரிது’, ‘உயரப் பறத்தல்’ என்னும் இரண்டு எழுத்துக்களாலான ஆண்பெயர், ஒரு காப்புறுதிக் கம்பெனி ஆண்டுதோறும் வெளியிடும் வரிசையில் பல ஆண்டுகள் முதலிடம் பெற்றது; அதை ஹிரோதோ, ஹாருதோ, யமாதோ என்று வீட்டுக்கு வீடு வேறாக வாசிக்கின்றனர். ஒரு வகுப்பில் இப்பெயருடைய மூவர் இருந்தால், வருகைப் பட்டியலை எடுத்த ஆசிரியருக்கு எழுத்து எவ்வித உதவியும் செய்யாது. ஆகவேதான் அந்நாட்டில் எந்த விண்ணப்பத் தாளை எடுத்தாலும் பெயர் எழுதும் கட்டத்தின் தலைமேல் குறுகலாக மற்றொரு கட்டம் காணப்படும். ‘ஃபுரிகானா’ எனப்படும் அதில் ஓசையை மட்டும் ஒலியெழுத்தால் குறிக்க வேண்டும். அவர்களுடைய ஒலியெழுத்து வளைந்தது, கோணலானது என இருவகை; கட்டத்தின் தலைப்பு வளைந்த எழுத்தில் அச்சாகியிருந்தால் வளைந்த எழுத்திலும், கோணலான எழுத்தில் இருந்தால் கோணலான எழுத்திலும் நிரப்புவது மரியாதை. அந்த ஒலியெழுத்துக்களின் வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்குவது, பௌத்த பிக்ஷுக்கள் இந்திய அக்ஷரமாலையைக் கற்றதன் பயன் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

விண்ணப்பத்தில் இடம் இருந்தும் மூலப் பதிவேட்டில் இடமில்லை. விரும்பியவர்க்கு ஓசையைப் பக்கத்தில் குறித்துக் கொடுத்துவந்த சலுகைகூட, பதிவேடு கணிப்பொறிக்கு மாறத் தொடங்கிய 1994-இல் நிறுத்தப்பட்டது. இதன் பலனை மனிதர் பொறுத்தனர், யந்திரம் பொறுக்கவில்லை. 2007-இல் சுமார் 5 கோடி ஓய்வூதியக் கணக்குகள் உரியவர் இன்னாரென்று தெரியாமல் கிடப்பது அம்பலமாகி, தேசமே கொந்தளித்தது. பழைய ஏடுகளைக் கணிப்பொறியில் ஏற்றியபோது பெயர்களின் ஓசையைத் தவறாக வாசித்துப் பதிந்தது அதற்குரிய காரணங்களுள் ஒன்று. அண்டை வீட்டார் திருத்திக் கொடுத்த பிழையைக் கணிப்பொறிக்குத் திருத்திக் கொடுப்பார் எவருமில்லை.

இவ்வநுபவங்களின் பின்னரே 2023-இல் சட்டம் திருத்தப்பட்டது. எழுத்துக்குரியதெனப் பொதுவாக ஏற்கப்பட்ட வாசிப்பே செல்லும் என்பது அதன் சாரம். ‘உயரம்’ என்று எழுதிக் ‘குட்டை’ எனப் பொருள்படும் ‘ஹிகுஷி’ என்று வாசிப்பதும், ‘தாரோ’ என்று எழுதி ‘மைக்கேல்’ என்று அழைப்பதும் செல்லா. ஆயினும் பெயர்களில் வாசிப்பைச் சுருக்கும் வழக்கம் பழையதாகையால், ‘இதயம்’, ‘அன்பு’ என்ற எழுத்துக்களைக் ‘கொகோஆ’ என்று வாசிப்பதற்குத் தடையில்லை. எல்லை எங்கே என்பதை இனி ஒவ்வொரு நகராட்சிக் குமாஸ்தாவும் தம் மேஜைமேல் வைத்து நிர்ணயிக்க வேண்டியவராகிறார். முன்னரே பிறந்து வழக்கமற்ற வாசிப்போடு வாழ்ந்து வருபவர், 2026-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதிக்குள், அந்த ஓசையையே தாம் வழங்கி வருவதற்குக் கடவுச்சீட்டு அல்லது வங்கிப் புத்தகத்தைச் சான்றாகக் காட்டி அதை நிலைநிறுத்திக்கொள்ள இடமளிக்கப்பட்டது. புதிதாகப் பிள்ளை பெற்றவரோ, அகராதியில் காணாத வாசிப்பாயின், அந்த எழுத்துக்கு அந்த ஓசை வந்த வழியை விளக்கி எழுதிக் கொடுக்க வேண்டும்.