வரி முடியும் இடம்

ஒரு வரியை எழுதி முடித்த மாணவன் இரண்டு செயல்களைச் செய்கிறான். கையை இடப்பக்க ஓரத்திற்குக் கொண்டு செல்கிறான். ஒரு வரி கீழே இறக்குகிறான். நாம் இவற்றைத் தனித்தனியாக எண்ணுவதில்லை. தொலைத்தட்டச்சு இயந்திரமோ எண்ணியே ஆக வேண்டியிருந்தது. ஒரு கணினியில் வரிவரியாக இருந்த சொற்பட்டியல் இன்னொன்றில் ஒரே நீள வரியாகத் தோன்றுவதற்குக் காரணமும் அதுவே.

1963இல் வெளிவந்த ஆஸ்கி குறியீட்டில் ஓரத்திற்குத் திரும்புதல் 13ஆம் எண். வரி இறங்குதல் 10ஆம் எண். அக்காலத்து டெலிடைப் 33 இயந்திரம் நொடிக்கு 10 எழுத்துகளை அச்சிடும். அச்சுத்தலை வலக்கோடியிலிருந்து திரும்ப ஓர் எழுத்துக்குரிய நேரம் போதாது. ஆகவே 13ஐ முதலில் அனுப்பி, தலை திரும்பிக்கொண்டிருக்கும்போதே 10ஐ அனுப்பினார்கள். சிக்கனமான ஏற்பாடு!

இயந்திரம் மறைந்தது, எண்கள் தங்கிவிட்டன. பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ், கோப்பில் 10 மட்டும் போதும் என்றது. சிபி/எம் வழியில் வந்த எம்எஸ்-டாஸ் 1981இல் இரண்டையும் வைத்துக்கொண்டது. விண்டோஸ் அதன் வாரிசு. 1984இன் மெக்கின்டாஷ் 13ஐ மட்டும் எடுத்துக்கொண்டது. 2001இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் யூனிக்ஸ் பக்கம் சேர்ந்தது. விண்டோஸின் நோட்பேட் 2018இல்தான் மூன்று வழக்கங்களையும் ஏற்றது.

இந்த வரலாறு தெரியாமல் கோப்பை மாற்றுவது ஆபத்து என்பது என் கருத்து. லினக்ஸ் முனையத்தில் 'டிஆர்' கட்டளையால் 13ஐ நீக்கினால் விண்டோஸ் கோப்பு சீராகும். பழைய மெக்கின்டாஷ் கோப்பிலோ வரிப்பிரிவுகள் அனைத்தும் அழிந்துபோகும். அங்கே 13ஐ நீக்கக்கூடாது, 10ஆக மாற்ற வேண்டும். எனவே முதலில் 'ஃபைல்' கட்டளையைக் கேளுங்கள். கோப்பு எந்த வழக்கத்தைச் சேர்ந்தது என்று அது சொல்லிவிடும்.

தமிழ் எழுத்துகள் சிதையுமோ என்று அஞ்ச வேண்டாம். யூடிஎஃப்-8 முறையில் எந்தத் தமிழ் எழுத்திலும் 10, 13 ஆகிய எண்கள் வருவதில்லை. யூடிஎஃப்-16 முறையில் சேமித்த கோப்பு வேறு வகை. அதில் ஒவ்வொரு குறியும் இரண்டு எண்களின் இணை. 13ஐ மட்டும் பிடுங்கினால் இணைகள் பிசகி, அதன்பின் வரும் எழுத்துகள் குழம்பிவிடும்.

'டிஆர்' தரும் விடையை மூலக் கோப்பின் பெயரிலேயே எழுதச் சொல்லாதீர்கள். படிக்கத் தொடங்கும் முன்பே முனையம் அக்கோப்பை வெறுமையாக்கிவிடும். ஓராண்டு வினாத்தாள்கள் அப்படிப் போகலாம். புதிய பெயர் கொடுங்கள். திறந்து பார்த்தபின் பழையதை நீக்குங்கள்.